அக்காவுக்கு யாரும் அடிக்கவில்லை

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் நான். அந்த வாய்தான் என்னை மாட்டிவிட்டது. ஏழு வருடம் கையுறை போடாமல் இருந்துவிட்டு மறுபடியும் குத்துச்சண்டைக்குப் போகப் போகிறேன் என்று சொன்ன அன்று, என் கணவர் "சரி, போ" என்று மட்டும்தான் சொன்னார். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

"மாகாணப் போட்டியில ஒரே ஒரு சண்ட. ஜெயிச்சா தேசியப் போட்டிக்குப் போவேன். தோத்தா அன்னைக்கே கிளவுஸக் கழட்டி யாருக்காவது குடுத்துருவேன். அதுக்கப்புறம் பொக்சிங்குன்னு பேச்சே எடுக்க மாட்டேன். இது வாக்கு" என்று சொல்லிவைத்தேன். அவர் கேட்கவே இல்லை. நானாகத்தான் கொடுத்தேன். தோற்பேன் என்ற நினைப்பு ஒரு துளி இருந்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

ஒரு காலத்தில் நான் ஐம்பத்துநாலு கிலோ பிரிவில் தொடர்ந்து மூன்று வருடம் நாட்டுக்கே சாம்பியன். இதை நானே சொல்வது கொஞ்சம் அசிங்கமாக இருக்கிறது. ஆனால் சொல்வதற்கு வேறு ஆள் இல்லாதபோது என்ன செய்வது? மாத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். டவுன் பள்ளிக்கூடத்துக்குப் படிக்க வந்தேன். ஒரு நாள் மழைக்கு ஒதுங்கின இடம், பழைய கொக்கோ களஞ்சியம் ஒன்றைச் சுத்தம் பண்ணி உண்டாக்கிய குத்துச்சண்டைக் கூடம். மழை விட்டது, நான் வீட்டுக்குப் போகவில்லை. அவ்வளவுதான் கதை.

என் சண்டை எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் பிறகு நடந்தது விளங்கும். நான் பாய்ந்து பாய்ந்து அடிக்கிறவள் இல்லை. காத்திருந்து அடிக்கிறவள். எதிரில் நிற்பவள் கையை விடுவாள். அந்தக் கை வந்து சேரும் இடத்தில் என் முகம் இருக்காது, ஒரு விரல் அகலம் பின்னால் போயிருக்கும். அவள் கை காற்றில் இருக்கும்போதே என் வலது கை அவள் தாடைக்குப் போய்விடும். பார்ப்பவர்களுக்கு நான் சும்மா நிற்கிற மாதிரியும் எதிரிகள் தாங்களாகவே வந்து என் கையில் மோதிக்கொள்கிற மாதிரியும் இருக்குமாம். அந்த ஒரு விரல் அகலம்தான் என் சொத்து முழுவதும்.

பிறகு கல்யாணம் ஆனது. ஒரு வருடம் ஓய்வு எடுக்கலாம் என்று நினைத்தேன். அந்த ஓய்வு முடிவதற்குள் கொரோனா வந்து கூடத்தைப் பூட்டியது. கூடத்தைத் திறந்தபோது என் வயிற்றில் பிள்ளை. பிள்ளை நடக்கத் தொடங்கியபோது நாட்டில் பெற்றோல் இல்லை, பஸ் இல்லை. எல்லாம் ஓய்ந்தபோது எனக்கு யட்டவத்தையில் ஃபைல் பார்க்கிற கந்தோர் வேலை கிடைத்தது. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் டவுனுக்குத் திரும்புவேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை, எந்தச் சோகமும் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக நாட்கள் போயின, ஏழு வருடம் ஆகிவிட்டது.

முப்பத்துநாலு வயதில் ஒரு சாயங்காலம், மகளை நேர்சரிச் சப்பாத்து வாங்கக் கூட்டிக்கொண்டு போகும்போது அந்தக் கூடத்துப் பக்கமாக நடந்தேன். உள்ளே கயிறு தரையைத் தட்டும் சத்தம் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்குத் தெரியாது.

கூடத்தில் எங்கள் பயிற்றுவிப்பாளர் அப்படியே இருந்தார். தலைமுடி மட்டும் முழுக்க வெளுத்திருந்தது. சிங்களவர். எனக்குப் பதினாறு வயதிலிருந்து அவர் சேர், அவருக்கு நான் மகள். என்னைக் கண்டதும், ரவுண்டுக்கு நேரம் பார்க்கக் கையில் பிடித்திருந்த மணிக்கூட்டைக் கீழே போட்டுவிட்டார். சுவரில் என் பழைய படம் ஒன்று தொங்கியது, கையில் கிண்ணத்தோடு. பயிற்சி செய்துகொண்டிருந்த பெண்பிள்ளைகள் ஏழெட்டுப் பேரும் படத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக நின்றார்கள். படத்தில் இருந்தவளுக்கும் எனக்கும் ஏழு கிலோ வித்தியாசம்.

அந்த ஏழில் நாலைக் குறைத்து, ஐம்பத்தேழு கிலோ பிரிவுக்கு இறங்குவதென்று முடிவானது. இது சுலபமில்லை, ஏனென்றால் என் கணவர் டவுனில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறார். விடியுமுன் போய்ப் பகலோடு வீட்டுக்கு வந்துவிடுவார். சாயங்காலம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவர்தான், அதனால்தான் எனக்குப் பயிற்சிக்கே போக முடிந்தது. ஆனால் வரும்போது மிச்சமான கிம்புலா பனிஸ் பையோடுதான் வருவார். சீனி தூவிய, முதலை வால் மாதிரி நீண்ட அந்தப் பனிஸை மேசையில் வைத்துவிட்டு, "நீ சாப்புடாத, நான் புள்ளைக்குத்தான் கொண்டாந்தேன்" என்பார். ஐந்து வயதுப் பிள்ளை எத்தனை பனிஸ் சாப்பிடும்? நான்கு மாதம் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே வெள்ளரிக்காய் தின்றேன். சாம்பியன்ஷிப்பை விட அது கஷ்டம்.

முதல் நாள் கயிறு தாண்டினேன். பதினைந்து தாண்டுவதற்குள் கால் விரலில் மாட்டியது. மூச்சு வாங்கியது. அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆனால் கண்ணாடி முன்னால் நின்று காற்றில் குத்திப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். தோள், இடுப்பு, கால் வைக்கும் விதம் எல்லாம் அப்படியே இருந்தன. தொங்குகிற மணல் மூட்டையில் குத்தினேன். பழையதை விடப் பலமாக விழுந்தது. பிள்ளையை இடுப்பில் தூக்கிச் சுமந்தது வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு மாதத்தில் கயிறும் மூச்சும் சரியாகிவிட்டன.

மூன்றாவது மாதம் சேர் என்னைப் பிள்ளைகளோடு ரிங்குக்குள் இறக்கினார். பயிற்சிச் சண்டை. என்ன சொல்ல! நான் நினைத்ததெல்லாம் நடந்தது. அவர்கள் கையை விட்டால் எனக்கு விலக நேரம் இருந்தது. நான் கையை விட்டால் போய் விழுந்தது. ஒவ்வொரு ரவுண்டு முடியும்போதும் அந்தப் பிள்ளைகள் "நல்லா இருந்திச்சு அக்கா" என்று கையுறையால் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். சேர் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, நல்லா இருக்கிறதென்று சிங்களத்தில் "ஹொந்தாய், ஹொந்தாய்" என்று தலையை ஆட்டினார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போய் அடுப்படியில் நின்று கணவருக்கு ஒவ்வொரு குத்தையும் நடித்துக் காட்டுவேன். ஏழு வருடம் என்பது மற்றவர்களுக்குத்தான், எனக்கில்லை என்று வாய்விட்டே சொன்னேன். அவர் தேங்காய் துருவிக்கொண்டே, "ஆமா, நீ ஒருத்திதான் பொறந்ததுல இருந்து பழுக்காம காயாவே இருக்க" என்றார். கந்தோரிலும் சொல்லிவைத்தேன். போட்டி தம்புள்ளையில் நடப்பதாகத் தெரிந்ததும் கந்தோரிலிருந்து ஐந்தாறு பேர் வேன் பிடித்து வருவதாக ஏற்பாடாகியது. எங்கள் கணக்காளர், யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, "பிள்ளை, உமக்கு ஏன் இந்தத் தேவையில்லாத வேலை? ஃபைலில அடிக்கிற சீல் போதாதோ?" என்று கேட்டார். ஆனால் வேனில் முதல் ஆளாகத் தன் பெயரை எழுதினதும் அவர்தான்.

போட்டிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது கூடத்துக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். பல்லேகமப் பக்கத்துச் சிங்களப் பெண். இருபது வயது இருக்கும். டவுனில் ஒரு உடுப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அவர்கள் ஊர்ப் பக்கப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியரிடம் கொஞ்சம் பழகியிருக்கிறாள். ஆளைப் பார்த்தால் பயந்த சுபாவம். யாரோடும் பேச மாட்டாள். இரண்டாவது நாளே சேர் அவளை என்னோடு ரிங்குக்குள் விட்டார், என்னிடம் பழகட்டும் என்று.

மணி அடித்தது. அவள் இடது கையை நீட்டினாள். என் நெற்றியில் பட்டது. தற்செயல் என்று நினைத்தேன். மறுபடியும் நீட்டினாள். மறுபடியும் பட்டது. சரி, பிள்ளை கொஞ்சம் கெட்டிதான் என்று, என் பழைய வழக்கப்படி காத்திருந்தேன். அவள் வலது தோள் அசைவதைப் பார்த்தேன். இப்போது வலது கை வரும் என்று தெரிந்தது. தலையை ஒரு விரல் அகலம் பின்னால் எடுத்து என் வலது கையை விட வேண்டும் என்பதும் தெரிந்தது. எல்லாமே தெரிந்தது. கண்ணுக்கும் கழுத்துக்கும் நடுவில் யாரோ புதிதாக ஒரு பஸ் நிறுத்தம் போட்ட மாதிரி, செய்தி வந்து சேரவில்லை. அடுத்த கணம் நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். மூக்கிலிருந்து இரத்தம் வாய்க்குள் வந்தது.

கயிறு தாண்டிய பிள்ளைகள் நிறுத்திவிட்டார்கள். பிறகு எல்லோரும் ஒரேயடியாக அந்தப் பெண்ணின் மேல் பாய்ந்தார்கள். "ஒனக்குப் பைத்தியமா? யாருக்கு அடிச்சேன்னு தெரியுமா?" அவள் கையுறையைக் கழற்றத் தெரியாமல் கழற்றி, என் முன்னால் முழங்காலில் விழுந்து, கை கூப்பி அழத் தொடங்கினாள். "மன்னிச்சுக்கோங்க அக்கே, எனக்கு யாரும் சொல்லல" என்றாள் சிங்களத்தில்.

"என்ன சொல்லல?" என்று கேட்டேன்.

எனக்குப் புரியத் தொடங்கியது, அதனால்தான் இன்னும் சத்தமாகக் கேட்டேன். கடைசியில் பிள்ளைகளிலேயே மூத்தவள், நான்கு வருடமாகப் பயிற்சி எடுக்கும் தமிழ்ப்பிள்ளை, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நீங்க வந்த மொத நாளே சேர் சொன்னாங்க, அக்காவுக்கு சின்னப் புள்ள இருக்கு, பாத்து செய்ங்கன்னு. சேர் சொல்லாட்டியும்... அக்காவுக்கு எப்புடி அடிக்கிறது? கை வரமாட்டேங்குது அக்கா."

நான் வெறி பிடித்தவள் போலக் கத்தினேன். "அப்ப இவ்வளவு நாளும் எனக்கு வெளயாட்டுக் காட்டினீங்களா? நான் என்ன, ஒங்க புள்ளையா? சோறு ஊட்டுறதுக்கு நெலாவக் காட்டுறீங்களா?" சேரையும் விட்டுவைக்கவில்லை. அவர் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி என்னிடம் நீட்டினார். வாங்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் என் கணவர் பிள்ளையின் வெள்ளைச் சப்பாத்துக்குப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தார். என் மூக்கைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நான்தான் அழுதேன். அடிபட்டதற்காக அழவில்லை. மூன்றாவது மாதத்திலிருந்து அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருத்தியும் எனக்காகக் கையை மெதுவாக விட்டதையும், நான் அதைக் கொண்டுவந்து அடுப்படியில் நடித்துக் காட்டியதையும் நினைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவர் சொன்னார்: "இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. இப்பவே பேர வெட்டிட்டா ஒன்னும் இல்ல. தோக்காமலே நிப்பாட்டினதா இருக்கும். கிளவுஸயும் யாருக்கும் குடுக்கத் தேவல்ல. அலுமாரியில வச்சுக்கலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கேட்கவும் இதமாக இருந்தது. ரிங்குக்குள் போகாமல் இருந்தால் நான் கடைசி வரைக்கும் சாம்பியன். சுவரில் படம் இருக்கும், அலுமாரியில் கையுறை இருக்கும், பிள்ளைகள் அக்கா அக்கா என்று எழுந்து நிற்பார்கள். போனால், அநேகமாகத் தோற்பேன். தோற்றால் வாக்குப்படி எல்லாம் போய்விடும்.

மறுநாள் முழுக்கக் கந்தோரில் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மூக்கு வீங்கியிருந்தது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் குத்து விழுந்த கணத்தில், வலி தெரிவதற்கு முன்னால், எனக்குள் எங்கோ ஒரு சந்தோஷம் துள்ளியது. ஏழு வருடமாக என்னிடம் யாரும் அவ்வளவு நேராகப் பேசியதில்லை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே கூடத்துக்குத்தான் போனேன்.

முதலில் அந்தப் பல்லேகமப் பெண்ணைத் தேடினேன். அவள் வரவில்லை. உடுப்புக் கடைக்கே போய், ஹேங்கரில் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவளைப் பிடித்தேன். என்னைக் கண்டதும் ஓடப் பார்த்தாள். "வா, நேத்து மாதிரியே அடி. மெதுவா அடிச்சா ஒங்க முதலாளிகிட்ட வந்து கோள் சொல்லுவேன்" என்றேன். பாவம், நம்பிவிட்டாள். அன்றிலிருந்து தினமும் வந்தாள்.

மற்றப் பிள்ளைகளுக்குப் புதுச் சட்டம் போட்டேன். கையை மெதுவாக விடுகிறவள் முப்பது தண்டால் எடுக்க வேண்டும். தண்டால் எடுத்தார்களே தவிர அடிக்கவில்லை. கடைசியில் ஒரு விஷயம் பிடிபட்டது. அவர்கள் ரிங்குக்குள் ஏறும்போது "அக்கா, வரட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். அந்த வார்த்தையைச் சொன்னதும் கை தளர்ந்துவிடும். "இதுக்குள்ள அக்கா கிடையாது" என்றேன். "அப்ப என்னான்னு கூப்புடுறது?" என்று மூத்தவள் திகைத்தாள். பெயரைச் சொல்லிக் கூப்பிடு என்றால் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தன்னை விட வயதில் பெரியவளைப் பேர் சொல்லிக் கூப்பிட எந்த வீட்டில் வளர்த்திருக்கிறார்கள்? முடிவில், ரிங்குக்குள் என்னை எதுவுமே கூப்பிடுவதில்லை என்று தீர்மானமானது. வாயை மூடிக்கொண்டு ஏறுவார்கள். மூன்றாவது நாள் அந்த மூத்தவளே என் விலாவில் ஒன்று விட்டாள் பாருங்கள், இரண்டு நாள் குனிந்து பிள்ளையைத் தூக்க முடியவில்லை. கயிற்றைத் தாண்டி இறங்கியதும் ஓடிவந்து, "வலிக்குதா அக்கா, தண்ணி குடிக்கிறீங்களா அக்கா?" என்று அத்தனை நேரம் அடக்கிவைத்த அக்காவை எல்லாம் சேர்த்துக் கொட்டினாள்.

இப்படி அடி வாங்க வாங்கத்தான் எனக்கு என்ன போயிருக்கிறது, என்ன இருக்கிறது என்று கணக்குப் பிடிபட்டது. முதலில் போவது பலம் என்று நினைத்திருந்தேன். பலம் போகவில்லை. மூச்சு போய்த் திரும்பி வந்தது. கற்றது எதுவும் மறக்கவில்லை. போனது அந்த ஒரு விரல் அகலம். நான் விலகிவிட்டேன் என்று நினைக்கும்போது இன்னும் விலகவில்லை. எட்டும் என்று நினைத்து விடும் கை, எதிரியின் மூக்குக்கு முன்னால் நின்றுவிடும். இது மூட்டையில் குத்தும்போது தெரியாது, மூட்டை நகராது. கண்ணாடியிலும் தெரியாது. இன்னொரு ஆள் உண்மையாக அடித்தால்தான் தெரியும். கன்றிப்போன இடம் முன்பு இரண்டு நாளில் மாறும். இப்போது ஒரு வாரம் கிடந்தது.

ஆனாலும் அந்த ஐந்து வாரம் நான் இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! பஸ்ஸில் தானாகச் சிரித்துக்கொண்டு வருவேன். தோற்கப்போகிறோம் என்ற பயம் இருந்தது. அதன் மேலேயே இந்தச் சந்தோஷமும் இருந்தது. எனக்குப் பிடிவாதமும் இருந்தது. அந்த ஒரு விரல் அகலத்தைத் திரும்பவும் பிடித்துவிடலாம் என்று காத்திருந்து காத்திருந்து அடி வாங்கினேன். சேர் மட்டும் இன்னமும் "ஹொந்தாய்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு மட்டும் நான் சட்டம் போட முடியவில்லை.

போட்டி நாள் தம்புள்ளையில் நல்ல வெயில். ஐம்பத்தாறு கிலோ எண்ணூறு காட்டியது தராசு. குலுக்கலில் எனக்கு எதிராக விழுந்தவள் கண்டிப் பெண், இருபத்திரண்டு வயது, போன வருடத்து மாகாண சாம்பியன். வேனில் வந்த கந்தோர்க்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். என் கணவர் மகளை மடியில் வைத்துக்கொண்டு, என்னை விட வெளுத்துப்போய் இருந்தார்.

முதல் ரவுண்டு முழுக்கக் காத்திருந்தேன். அவள் கை வந்தது, பட்டது. மறுபடி காத்திருந்தேன், மறுபடி பட்டது. நான் திருப்பி விட்டதெல்லாம் காற்றில் போனது. இரண்டாவது ரவுண்டில் அவளுடைய வலது கை காதோரம் விழுந்து, கால் ஒரு பக்கம் போனது. மத்தியஸ்தர் எங்களைப் பிரித்து நிறுத்தி, என் முகத்துக்கு நேரே விரலைக் காட்டி எட்டு வரைக்கும் எண்ணினார். மூலையில் சேர் துவாயைக் கையில் எடுத்துவிட்டதைக் கண்டேன். அதைத் தூக்கிப்போட்டால் சண்டை முடிந்தது. நான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் அதை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

ரவுண்டு முடிந்து மூலையில் உட்கார்ந்ததும், அவர் என் வாய்க்காப்பைக் கழற்றி, என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் பேசிய விதம், பதினாறு வயதில் என்னை ஏசிய அதே விதம்.

"நீ லேட்டு. எல்லாத்துக்கும் லேட்டு. காத்திருந்து அடிக்கிறது இனிமே ஒனக்கு வராது. அது போயிருச்சு மகள், திரும்பி வராது. அத நான் ஒனக்கு மொத நாளே சொல்லியிருக்கணும். காத்திருக்காத. மணி அடிச்சதும் நேரா போ. கிட்டப் போ. வயித்துல அடி."

இறுக்கமான சப்பாத்தைக் கழற்றின மாதிரி இருந்தது எனக்கு. அவர் வாயிலிருந்து அதைக் கேட்டதும் அந்த ஒரு விரல் அகலத்தைத் தேடுவதை விட்டேன்.

மூன்றாவது ரவுண்டு மணி அடித்ததும் நடந்து போய் அவள் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றேன். முகத்தைக் கையால் மூடினேன். விழுகிறதெல்லாம் விழட்டும் என்று விட்டேன். விலாவில் இடது, விலாவில் வலது. அவள் பின்னால் போனாள், நானும் போனேன். கயிற்றில் சாய்ந்தாள், நானும் சாய்ந்தேன். பார்க்க அழகாக இருந்திருக்காது. என் வாழ்க்கையில் நான் அப்படிச் சண்டை போட்டதே இல்லை. சாம்பியனாக இருந்தபோது, இப்படிச் சண்டை போடுகிறவர்களை மாடு முட்டுகிறது என்று கிண்டல் பண்ணியிருக்கிறேன். இப்போது நானே மாடு. பின்னால் கணக்காளர் "விடாதேயும் பிள்ளை, விடாதேயும்!" என்று தொண்டை கிழியக் கத்தினது கேட்டது.

மணி அடித்தது. மத்தியஸ்தர் கண்டிப் பெண்ணின் கையைத் தூக்கினார். ஐந்து நடுவரில் நாலு பேர் அவளுக்கு, ஒருவர் எனக்கு. தோற்றுவிட்டேன்.

கையுறையைக் கழற்றும்போது எனக்குத் தோல்வியை விட வேறொரு சந்தேகம் அரித்தது. அந்த மூன்றாவது ரவுண்டு. அவள் பின்னால் பின்னால் போனாளே, ஏன்? எனக்குச் சின்னப் பிள்ளை இருக்கிறது என்று அவளிடமும் யாராவது சொல்லியிருப்பார்களோ? வென்றுவிட்டோம், கடைசி ரவுண்டை அக்காவுக்கு விடுவோம் என்று நினைத்திருப்பாளோ? அப்படியென்றால் எனக்கு ஒன்றுமே மிச்சமில்லை. உடுப்பு மாற்றும் அறையில் அவள் தனியாக இருந்தாள். நேரே போய்ச் சிங்களத்தில் கேட்டேன்.

"உண்மைய சொல்லு. மூணாவது ரவுண்டுல எனக்காக விட்டுக் குடுத்தியா?"

அவள் முகம் சிவந்துவிட்டது. கோபம்தான். பனியனை ஒரு பக்கம் தூக்கிக் காட்டினாள். விலா முழுவதும் செக்கச் செவேலென்று கன்றிக்கிடந்தது.

"விட்டுக் குடுக்கிறதா? எப்ப மணி அடிக்கும் எப்ப மணி அடிக்கும்னு எண்ணிக்கிட்டு இருந்தேன், அக்கே" என்றாள்.

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வலியில் "ஆ" என்று கத்தினாள். இரண்டு பேரும் அழுதோமா சிரித்தோமா என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது வேனில் எல்லோரும் எனக்காக மெதுவாகப் பேசினார்கள், சாவு வீட்டில் பேசுகிற மாதிரி. மகள் என் மடியில் தூங்கிவிட்டாள். பல்லேகமப் பெண்ணும் கடையில் லீவு எடுத்து வந்திருந்தாள், முன்சீட்டில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். நாவுலையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினார்கள். மற்றவர்கள் இறங்கிப் போனதும் என் கணவர் பனிஸ் பையைத் திறந்து என்னிடம் நீட்டினார். நான்கு மாதத்துக்குப் பிறகு முதல் பனிஸ். கை வீங்கியிருந்ததால் இரண்டு கையாலும் பிடித்துத் தின்றேன்.

அவர் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டார்:

"அப்ப, கிளவுஸ யாருக்குக் குடுக்கிறது?"

"அதுல கை வச்சுப் பாருங்க" என்றேன், வாயில் சீனியோடு.

"வாக்குக் குடுத்தியே."

"நான் எங்க குடுத்தேன்? அந்தப் படத்துல இருக்கிற சாம்பியன் குடுத்தா. அவளத் தேடிப் போய்க் கேளுங்க."